கட்டும் விரல், அவிழ்க்கும் விரல்

(கணினி ஓவியம் பயிலும் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். கணினியில் வரையும்போது கோடு தானாகப் போய் ஒரு புள்ளியிலோ இன்னொரு கோட்டிலோ ஒட்டிக்கொள்கிறதே, அதை ஸ்னாப் என்கிறோம். அந்த ஸ்னாப்பைக் கட்டவும் அவிழ்க்கவும் விசைப்பலகையில் சில ஷார்ட்கட்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதற்கு ஒரு சொற்பொழிவு தேவையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். முப்பது ஆண்டு கோடு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், தேவை. கோடு யார் பேச்சைக் கேட்க வேண்டும், உங்கள் கையின் பேச்சையா, மென்பொருளின் பேச்சையா என்பது அந்த ஒன்றிரண்டு விசைகளில்தான் தீர்மானமாகிறது.

முதலில் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்குத் தெருக் காட்சி வரைந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். திண்ணை, திண்ணைத் தூண், கம்பி போட்ட ஜன்னல், தெருக்கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பெர்ஸ்பெக்டிவ் ரூலரை வைத்துக்கொண்டேன். அதை வைத்துவிட்டால் தெருவின் ஆழத்துக்கு ஓடும் ஒவ்வொரு கோடும் தொலைவில் உள்ள மறைபுள்ளியை நோக்கித் தானாக நேர்படும். ஓட்டு வரிசை நேராக வந்தது, திண்ணை விளிம்பு நேராக வந்தது, ஜன்னல் கம்பிகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அதன்பிறகு மதில் மேல் ஒரு காக்கை வரைய வேண்டும். கதையின் நாயகன் அந்தக் காக்கைதான். சிறகை வளைத்து ஒரு கோடு இழுத்தேன். கோடு வளையவில்லை, தெருக்கோடியை நோக்கி விறைப்பாக ஓடியது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே ஓட்டம். கழுத்தின் வளைவு, அலகின் கூர், வாலின் விரிவு எல்லாமே மறைபுள்ளியைப் பார்த்து நீண்டன. ரூலர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதை விலகச் சொல்லும் விசை எது என்று அன்று என் விரலுக்குத் தெரியவில்லை. மெனுவில் தேடினேன். தேடி அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மனதில் இருந்த சிறகு போய்விட்டிருந்தது. கோடு போடுகிறவர்களுக்கு இது புரியும். ஒரு வளைவு மனதில் உருவாகிக் கைக்கு இறங்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் கண்ணை மெனுவுக்கு அனுப்பினால் வளைவு கலைந்துவிடும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. எந்த மென்பொருளைத் திறந்தாலும், ஸ்னாப்பைப் போடும் விசையைக் கற்கும் முன் அதை விடும் விசையைக் கற்பேன். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததும் இதுதான்.

ஸ்னாப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். திரையில் ஒரு புள்ளி இருக்கிறது. உங்கள் பேனா அதற்கு அருகில் வருகிறது. குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்துவிட்டால், பேனா அந்தப் புள்ளியிலேயே இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. கை கொஞ்சம் விலகி இருந்தாலும் கோடு சரியாகப் போய்ச் சேருகிறது. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் ஓர் உண்மையைக் கணக்கில் காட்டினார். தொட வேண்டிய இலக்கு தொலைவில் இருந்தால் கைக்கு நேரம் அதிகம் ஆகும், இலக்கு சிறியதாக இருந்தால் இன்னும் அதிகம் ஆகும். ஒரு பிக்சல் அளவுப் புள்ளியைத் தொடுவது கைக்குக் கடினம். ஸ்னாப் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டத்தைப் போட்டு, வட்டத்துக்குள் எங்கே தொட்டாலும் புள்ளியைத் தொட்டதாகக் கொள்கிறது. இலக்கு பெரிதாகிவிட்டதால் கையின் பாடு குறைகிறது.

அந்த வட்டத்தின் அளவு பல மென்பொருள்களில் திரைப் பிக்சலில் கணக்கிடப்படுகிறது, படத்தின் அளவில் அல்ல. இல்லஸ்ட்ரேட்டரில் புள்ளியோடு ஒட்டும் தூரம் முதலில் 2 பிக்சலாக இருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை கிடைக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்னாப்பின் பிடி தளர்ந்ததுபோல் ஆகும், சிறிதாக்கினால் இறுகியதுபோல் ஆகும். இரண்டு புள்ளிகள் நெருங்கி நின்று, கோடு தவறான புள்ளிக்கே ஓடிக்கொண்டிருந்தால், ஸ்னாப்பை அணைக்கும் முன் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஸ்னாப்பின் பிறப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற இளைஞர் 1963-இல் ஸ்கெட்ச்பேட் என்ற திட்டத்தைத் தம் முனைவர் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டி.எக்ஸ்-2 என்ற கணினியில் அதைச் செய்தார். திரையின் மேல் ஒளிப்பேனாவை வைத்துக் கோடு வரையலாம். அந்தக் காலத்து ஒளிப்பேனா துல்லியமான கருவி அல்ல. ஆகவே, பேனா ஒரு கோட்டின் அருகிலோ புள்ளியின் அருகிலோ வந்தால், அது சரியாக அதன் மேலேயே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும்படி அவர் அமைத்தார். நாம் இன்று ஸ்னாப் என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

அவர் எப்படி அமர்ந்து வேலை செய்தார் என்பதையும் கவனியுங்கள். ஒரு கையில் ஒளிப்பேனா. இன்னொரு கை பொத்தான்களின் மேல். பேனாக் கை எங்கே வரைவது என்பதைச் சொல்லும், பொத்தான் கை என்ன செய்வது என்பதைச் சொல்லும். கணினி ஓவியம் பிறந்த அன்றே இரண்டு கை வேலையாகத்தான் பிறந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1968-இல், டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸை உலகுக்குச் செய்து காட்டியபோதும், அவருடைய வலக்கையில் மவுஸ் இருந்தது, இடக்கை ஐந்து விசைகள் கொண்ட ஒரு தனிப் பலகையின் மேல் இருந்தது. பிற்காலத்தில் நாம் மெனுவைத் திறந்து சொடுக்கும் பழக்கத்துக்கு வந்து, ஒரு கையைச் சும்மா விட்டுவிட்டோம்.

நம் ஊர்ச் சுவர் விளம்பர ஓவியர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு கை வேலை புதிதல்ல. பொடி தடவிய நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்து நிற்கும். வலக்கை தூரிகை பிடிக்கும்போது இடக்கை ஒரு கோலைச் சுவரில் ஊன்றி, அதன் மேல் வலக்கையைத் தாங்கிக்கொள்ளும். நேரான காலை இழுக்கும்போது கை கோலின் மேல் படியும். ‘ழ’கரத்தின் சுழிக்கு வந்ததும் கை கோலை விட்டு எழும்பும். எழுத்து முடிவதற்குள் எத்தனையோ முறை படிவதும் எழும்புவதும் நடக்கும். அந்த ஓவியர் அதற்காக ஒருமுறைகூட வேலையை நிறுத்துவதில்லை. ஸ்னாப்பை அப்படிக் கையாளத் தெரிந்தால் போதும்.

ஸ்கெட்ச்பேடுக்குப் பிறகு வந்த ஒரு நல்ல சிந்தனையையும் குறிப்பிட வேண்டும். 1986-இல் எரிக் பியரும் மௌரீன் ஸ்டோனும் ஸ்னாப்-டிராகிங் என்ற முறையை வெளியிட்டார்கள். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தோடு தொடர்புடைய வேலை அது. கிரிட் என்ற கட்ட வரிசை மட்டும் இருந்தால் கட்டங்களுக்குள் அடங்கிய படம்தான் வரும் என்பதை அவர்கள் பார்த்தார்கள். வடிவியல் பெட்டியில் உள்ள அளவுகோலையும் காம்பஸையும் நினைத்துக்கொண்டார்கள். வரைபவர் தேவைப்படும் இடத்தில் துணைக் கோடுகளையும் வட்டங்களையும் வரவழைத்துக்கொள்வார், பேனா ஈர்ப்பு விசையால் இழுக்கப்படுவதுபோல் அவற்றின் மேல் போய் நிற்கும். இன்று நாம் ஸ்மார்ட் கைடு என்று சொல்வதற்குள் அந்தச் சிந்தனையின் சாயல் இருக்கிறது.

இப்போது விசைகளுக்கு வருகிறேன். கேட்டவுடன் மனப்பாடம் செய்ய வேண்டாம். இவை இரண்டு வகை என்பதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மின்விளக்கு ஸ்விட்சுபோல, ஒருமுறை தட்டினால் போடும், மறுமுறை தட்டினால் அணைக்கும் விசைகள் ஒரு வகை. காலிங் பெல் பொத்தான்போல, அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் வேலை செய்யும் விசைகள் இன்னொரு வகை. முதல் வகையைத் தட்டும் விசை என்போம், இரண்டாவதைப் பிடிக்கும் விசை என்போம்.

தட்டும் விசைகள் சில. விண்டோஸில் சொல்கிறேன், மேக் வைத்திருப்பவர்கள் கண்ட்ரோல் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் கமாண்ட் விசையைக் கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், அரைப்புள்ளி மூன்றும் சேர்ந்தால் ஸ்னாப் முழுவதும் போகும், வரும். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோலும் யு-வும் ஸ்மார்ட் கைடுகளுக்கு. இங்க்ஸ்கேப்பில் சதவீதக் குறி ஒன்றே போதும். பிளெண்டரில் ஷிஃப்டும் டேபும். கிரிட்டாவில் ஷிஃப்டும் எஸ்-ஸும் அழுத்தினால் ஸ்னாப் பட்டியல் பேனா இருக்கும் இடத்திலேயே விரியும். கிரிட், கைடு, புள்ளி, வெட்டுமிடம், படத்தின் நடு என்று வேண்டியதை டிக் செய்துகொள்ளலாம்.

நம் ஊர் ஃபிளெக்ஸ் கடைகளிலும் ஸ்டிக்கர் கடைகளிலும் அதிகம் ஓடுவது கோரல்டிரா. அதில் கண்ட்ரோலும் ஒய்-யும் கிரிட் ஸ்னாப், ஆல்ட்டும் இசட்-டும் பொருளோடு ஒட்டும் ஸ்னாப், ஆல்ட்டும் க்யூ-வும் எல்லா ஸ்னாப்பையும் ஒரே தட்டில் அணைப்பது. இங்கே ஓர் எச்சரிக்கை. வேறு பல மென்பொருள்களில் கண்ட்ரோலும் ஒய்-யும் சேர்ந்தால், பின்வாங்கிய செயலை மறுபடி செய்யும். அந்தப் பழக்கத்தோடு கோரலுக்கு வருகிறவர், தெரியாமலேயே கிரிட் ஸ்னாப்பைப் போட்டுவிடுவார். பின்வாங்கிய செயல் திரும்பி வராது. அதோடு, அடுத்து நகர்த்தும் ஒவ்வொன்றும் கட்டத்துக்குக் கட்டம் தாவும். ‘கோரல் கெட்டுவிட்டது’ என்று மென்பொருளை மறுபடி நிறுவியவர்களை நான் அறிவேன். ஒரு தட்டில் தீர வேண்டிய வேலை அது.

தட்டும் விசையின் சிக்கல் இதுதான். தட்டிய பிறகு, அது போட்டிருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்பதை நினைவில் சுமக்க வேண்டும். சில சமயம் கண்ணுக்கும் தெரியாது. இல்லஸ்ட்ரேட்டரில் கிரிட்டைக் காட்டுவது ஒரு கட்டளை, கிரிட்டோடு ஒட்டவைப்பது வேறு கட்டளை. கண்ட்ரோலோடு மேற்கோள் குறி விசையை அழுத்தினால் கிரிட் தெரியும், மறையும். அதோடு ஷிஃப்டும் சேர்ந்தால் ஒட்டும், விடும். கிரிட்டை மறைத்துவிட்டாலும் ஒட்டுதல் தொடரும். கட்டம் கண்ணுக்குத் தெரியாது, கோடு மட்டும் எங்கோ இழுபடும். அந்த நிலையில் ஸ்மார்ட் கைடுகளும் வேலை செய்யாது. ஃபோட்டோஷாப்பில் அப்படி இல்லை, கிரிட் மறைந்திருந்தால் கிரிட் ஸ்னாப்பும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருளிலேயே வழக்கம் மாறுகிறது. ஆகவே ‘கிரிட் தெரியவில்லை, ஸ்னாப் இல்லை’ என்று கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு மறக்காது. புள்ளிகளை இணைத்துப் போடும் கோலத்தில் கோடு புள்ளியில் போய் நிற்கிறது. சிக்குக் கோலத்தில் அதே புள்ளியைக் கோடு தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் முதலில் வைப்பது புள்ளிதான். கோடு அதைத் தொட வேண்டுமா, விலகிச் சுற்ற வேண்டுமா என்பது போடுகிறவரின் விரலில் இருக்கிறது. கிரிட் தெரிவது வேறு, கிரிட் இழுப்பது வேறு.

பிடிக்கும் விசைகளில் இந்தச் சுமை இல்லை. ஃபோட்டோஷாப்பில் ஒரு லேயரை நகர்த்தும்போது கைடு வந்து இழுத்தால், இழுத்துக்கொண்டே கண்ட்ரோலைப் பிடியுங்கள், பிடித்திருக்கும் வரை ஸ்னாப் ஒதுங்கி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் அந்த வேலையை ஷிஃப்ட் செய்கிறது. அதே இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோலைப் பிடித்துச் சுழற்றினால் 15 பாகையாகத் தாவும். பிளெண்டரில் இன்னும் அழகான ஏற்பாடு. நகர்த்தும்போது கண்ட்ரோலைப் பிடித்தால், ஸ்னாப் போட்டிருந்தால் விலகும், அணைந்திருந்தால் வரும். ‘இப்போது இருப்பதற்கு நேர் எதிர்’ என்பதே அந்த விசையின் பொருள்.

பிடிக்கும் விசை ஏன் நல்லது என்பதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. 1992-இல் அபிகெயில் செல்லன், கோர்டன் கர்ட்டன்பாக், வில்லியம் பக்ஸ்டன் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து செய்யும் பிழைகளை எப்படிக் குறைப்பது என்பது கேள்வி. திரையில் அடையாளம் காட்டிப் பார்த்தார்கள், காலால் மிதித்துப் பிடித்திருக்கும் பெடலையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெடலை மிதித்திருந்தவர்கள் குறைவாகவே பிழை செய்தார்கள். தசை இறுகியிருக்கும்போது, நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை உடம்பே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜெஃப் ராஸ்கின் 2000-இல் எழுதிய நூலில் இத்தகைய பிடிக்கும் விசைகளுக்குத் தனிப்பெயரே கொடுத்து, அவற்றைப் பரிந்துரைத்தார். தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இப்போது என் காக்கையை உங்கள் முன் வரையப் போகிறேன். திரையைப் பாருங்கள். இது கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட். ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் செய்தது, காமிக்ஸ் வரைபவர்கள் பலர் பயன்படுத்துவது. இதில் மூன்று விசைகள் முக்கியம். கண்ட்ரோலும் 1-உம் சாதாரண ரூலருக்கு. கண்ட்ரோலும் 2-உம் பெர்ஸ்பெக்டிவ் முதலிய சிறப்பு ரூலர்களுக்கு. கண்ட்ரோலும் 3-உம் கிரிட்டுக்கு. என் இடக்கைச் சுண்டுவிரல் கண்ட்ரோலில் இருக்கிறது, மோதிர விரல் 2-ஐ எட்டுகிறது.

மதில் விளிம்பை இழுக்கிறேன். ரூலர் பிடித்திருக்கிறது, கோடு மறைபுள்ளிக்கு நேராகப் போகிறது. செங்கல் வரிசை ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது கண்ட்ரோல், 2. பேனாவை எடுக்கும் அந்தக் கணத்திலேயே விரல் தட்டிவிட்டது, கண் மதிலை விட்டு நகரவில்லை. முதுகின் வளைவு வருகிறது. கழுத்து. அலகு. மறுபடி கண்ட்ரோல், 2. மதிலின் அடுத்த செங்கல் வரிசை, காக்கையின் காலடியிலிருந்து தொடங்கி நேராக ஓடுகிறது. பார்த்தீர்களா? காக்கையும் மதிலும் மாறி மாறி வருகின்றன, வேலை எங்கும் நிற்கவில்லை.

இதையே பிடிக்கும் விசையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். கிளிப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு பேனாவுக்கும் ஸ்னாப் உண்டா இல்லையா என்ற அமைப்பு அந்தப் பேனாவின் விவரப் பலகையில் இருக்கிறது. ஜி-பென் என்ற பேனாவுக்கு ஒரு நகல் எடுங்கள். நகலில் ஸ்னாப்பை நீக்குங்கள். அந்த நகலுக்குத் தனியாக ஒரு விசை கொடுங்கள். இந்த மென்பொருளில் ஒரு கருவியின் விசையைத் தட்டினால் அந்தக் கருவிக்கு மாறும், அழுத்திப் பிடித்திருந்தால் பிடிக்கும் வரை மட்டும் மாறி, விட்டதும் பழைய கருவிக்கே திரும்பும். ஆக, கட்டுள்ள பேனா உங்கள் கையில் எப்போதும் இருக்கும். விசையைப் பிடித்தால் கட்டில்லாத பேனா வரும். காக்கை வரையும் வரை பிடித்திருங்கள். விட்டதும் மதில் உங்களுக்காகக் காத்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. என் கையின் பழக்கத்துக்கு ஏற்ப மென்பொருளை நானே திருத்திக்கொண்டதால் பிடித்தது.

கிரிட்டாவில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் பெர்ஸ்பெக்டிவ், மறைபுள்ளி, நீள்வட்டம் ஆகியவற்றுக்கு அசிஸ்டெண்ட் என்ற துணைக்கோடுகள் உண்டு. தூரிகை அவற்றோடு ஒட்டுவதற்கான அமைப்பு தூரிகையின் கருவிப் பலகையில் தனியாக இருக்கிறது, எவ்வளவு வலுவாக இழுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம். அமைப்புகளில் போய் அதற்கு உங்கள் விரல் எட்டும் விசையைக் கொடுங்கள். கிரிட்டா கட்டணமில்லாத மென்பொருள். பணம் கட்ட முடியாத மாணவரும் இந்தப் பயிற்சியை முழுமையாகச் செய்யலாம்.

இதுவரை ஸ்னாப்பை அவிழ்ப்பதைப் பற்றியே அதிகம் பேசினேன். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவருடைய ஸ்டிக்கர் கட்டிங் கடைக்கு ஒருமுறை நான் வரைந்த காக்கையையே கொண்டுபோனேன். கார்க் கண்ணாடிக்கு ஒட்டுவதற்காகச் சிறுவன் ஒருவன் கேட்டிருந்தான். கணினியில் பார்த்தால் படம் முழுமையாக இருந்தது. பிளாட்டர் இயந்திரம் வெட்டி முடித்த பிறகு, கடைப் பையன் ஸ்டிக்கரை உரித்தான். வால் பக்கம் வரும்போது ஷீட்டே கிழிந்து வந்தது.

“அண்ணே, இங்க கோடு மூடல. பிளேடு இங்க வந்து தூக்கிடுச்சு, பாருங்க.”

திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நின்றன, சேரவில்லை. கண்ணுக்குச் சேர்ந்ததுபோல் தெரிந்தது, பிளேடுக்குச் சேரவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஸ்னாப்பைப் போட்டிருந்தால் முனை முனையைப் பிடித்திருக்கும். முழுக் காக்கையையும் சுதந்திரமாக வரையலாம், ஆனால் கடைசிப் புள்ளி முதல் புள்ளியில் போய்ச் சேர வேண்டும். வண்ணம் ஊற்றும்போது வெளியே கசிவதற்கும் இதுவே காரணம். கோடு சேராத இடத்தில் வண்ணம் வெளியேறிப் பக்கம் முழுவதும் பரவுகிறது. ஆகவே, ஸ்னாப்பை எதிரியாக நினைக்காதீர்கள். எங்கே சேர வேண்டுமோ அங்கே அதைப்போல உதவுகிற நண்பன் இல்லை.

தமிழில் வேலை செய்கிற நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. காமிக்ஸில் பேச்சுக் குமிழுக்குள் தமிழ் எழுதத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுவோம். எழுதி முடித்ததும் ஆங்கிலத்துக்குத் திரும்ப மறந்துவிடுவோம். அந்த நிலையில் ஒற்றை எழுத்து ஷார்ட்கட்களும் குறியீட்டு விசைகளும் நாம் நினைத்தபடி வேலை செய்யாமல் போகலாம். எழுத்துக் கருவியே இன்னும் திறந்திருந்தால், ஷார்ட்கட்டுக்குப் பதிலாகக் குமிழுக்குள் ஓர் எழுத்து வந்து உட்காரும். அதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் கடைப்பிடிப்பது இரண்டு வழக்கம். வசனம் எழுதும் வேலையை ஓவியம் முழுவதும் முடிந்த பிறகு ஒரே மூச்சில் செய்கிறேன். ஸ்னாப்புக்கான விசையைக் கண்ட்ரோலும் எண்ணும் சேர்ந்ததாகவோ, ஸ்டைலஸின் பக்கவாட்டுப் பொத்தானாகவோ வைத்துக்கொள்கிறேன். மொழி மாறினாலும் ஸ்டைலஸின் பொத்தான் மாறாது.

இடக்கையால் வரையும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். நான் சொன்ன விசைகள் பெரும்பாலும் வலக்கையில் பேனா பிடிப்பவரை மனதில் வைத்து அமைந்தவை. கண்ட்ரோல், ஷிஃப்ட், 1, 2, 3 எல்லாம் விசைப்பலகையின் இடப்பக்கம். இடக்கையில் பேனா பிடித்துக்கொண்டு வலக்கையைக் குறுக்கே நீட்டினால் தோள் வலிக்கும், நாளடைவில் அது நோயாகவும் ஆகலாம். உங்கள் மென்பொருளின் விசை அமைப்பைத் திறந்து, ஸ்னாப் விசையை வலப்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எண் பலகை இருந்தால் அதில் ஒன்றைக் கொடுங்கள். உங்களுக்காக யாரும் செய்து வைக்கவில்லை என்பதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விசையை அழுத்திப் பிடிக்க முடியாதவர்களும் உண்டு. மூட்டு வலியால் அவதிப்படுவோர், ஒரு கை மட்டும் இயங்குவோர், விரலில் வலு குறைந்தோர். அவர்களுக்குத் தட்டும் விசையே நல்லது. விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி இருக்கிறது. ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் அது வரட்டுமா என்று கேட்கும். வந்துவிட்டால், கண்ட்ரோலைத் தட்டி விட்டுவிட்டு அடுத்த விசையைத் தட்டினாலே இரண்டும் சேர்ந்து அழுத்தியதாகக் கொள்ளும். தேவையில்லாதவர்கள் தற்செயலாக அதைப் போட்டுவிட்டு, விசைகள் ஏன் விசித்திரமாக நடந்துகொள்கின்றன என்று திகைப்பதும் உண்டு. அப்போது அமைப்புகளில் அதை அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேவையானவர்களுக்கு அது ஓவியத்தின் வாசலைத் திறந்து வைக்கும் வசதி. பிடிக்கும் விசை சிறந்தது என்று நான் சொன்னது, பிடிக்க முடிகிற கைக்குத்தான்.

எப்படிப் பழகுவது? ஒரு மென்பொருளில் நூறு ஷார்ட்கட்கள் இருக்கும். அத்தனையையும் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். மூன்றே மூன்று போதும். ஸ்னாப்பைக் கட்டி அவிழ்ப்பது ஒன்று. படத்தைப் பெரிதாக்குவது இரண்டு, ஏனென்றால் ஸ்னாப்பின் பிடி அதோடு மாறுகிறது. செய்ததைத் திரும்பப் பெறுவது மூன்று. இந்த மூன்றையும் ஒரு வாரம், விசைப்பலகையைப் பார்க்காமல் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் விரல் தடுமாறும். அதற்குப் பிறகு விசையின் பெயரே உங்களுக்கு மறந்துபோகும். யாராவது கேட்டால், விரலை அசைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் கற்றுவிட்டீர்கள் என்று பொருள். இன்று மேடையில் பேசுவதற்காகக் கண்ட்ரோல், 2 என்று நான் சொன்னபோதும் என் இடக்கை மேசைக்கு அடியில் தட்டிப் பார்த்துக்கொண்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவருக்கு மென்பொருளை அறிமுகம் செய்யும்போது, ஸ்னாப்பைப் போட்டுக் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதைப் போட்டால் கோடு நேராக வரும், மாணவர் மகிழ்ந்துவிடுவார். அடுத்த நாள் அவர் வரையும் முகமும் கையும் மரமும் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் விறைத்து நிற்கும். அவர் தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். நல்ல கை கொண்ட பிள்ளைகள், ‘எனக்குக் கணினியில் வராது’ என்று விலகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இல்லாதது ஒரே ஒரு விசைதான். போட்டுக் காட்டும் அதே நிமிடத்தில் அவிழ்த்தும் காட்டுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு பயிற்சி செய்யுங்கள். ஒரு மதில், அதன் மேல் ஒரு காக்கை. மதிலை முழுவதும் வரைந்து முடித்துவிட்டுக் காக்கைக்குப் போகாதீர்கள். ஒரு செங்கல் வரிசை, பிறகு ஒரு சிறகு, மறுபடி ஒரு செங்கல் வரிசை, பிறகு ஒரு கால் என்று மாறி மாறி வரையுங்கள். மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி. இருபது முறையாவது உங்கள் விரல் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும். முடிந்ததும் காக்கையின் கால் நகம் மதில் விளிம்பைப் பிடித்திருக்கும் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மதிலின் கோடு விறைப்பாக வந்து நிற்க, அதன் மேல் நகத்தின் வளைவு மெல்லப் பற்றியிருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் அந்த இடத்தில் தத்தம் இயல்போடு இருந்தால், உங்கள் இடக்கை வேலை கற்றுக்கொண்டுவிட்டது.

நாளைக் காலை அந்தக் காக்கைகளை எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.